வாடிக்கையாளர் இணையச் சமூக வடிவமைப்பு

வாடிக்கையாளர் இணையச் சமூக வடிவமைப்பு என்பது, ஒரு பொருளையோ சேவையையோ பயன்படுத்துவோர் இணையத்தில் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் உதவவும், பட்டறிவைப் பகிரவும், அதனை வழங்கும் நிறுவனத்துடன் உரையாடவும் ஏற்ற களத்தை, அவர்களுடைய தேவைகளையும் விழுமியங்களையும் அடிப்படையாகக் கொண்டு அமைக்கும் செயற்பாடு ஆகும். வணிகவியல், சமூக உளவியல், மனிதர்-கணினி ஊடாட்டம் ஆகிய துறைகள் இதில் ஒன்றையொன்று சந்திக்கின்றன.

இங்கு வடிவமைப்பு என்னும் சொல் திரையின் தோற்றத்தை மட்டும் குறிப்பதன்று. யார் உறுப்பினராகலாம், எந்தப் பெயரில் எழுதலாம், எழுதியது யாருக்கு உரியது, யார் யாரை மதிப்பிடலாம், பூசல் எழுந்தால் தீர்ப்பவர் யார், களம் மூடப்பட்டால் அதிலுள்ளவை என்னவாகும் என்பன போன்ற விதிகளும் வடிவமைப்பின் பகுதிகளே. ஒரு சமூகம் நிலைப்பதையும் கலைவதையும் பெரும்பாலும் பொத்தான்களும் வண்ணங்களும் அல்ல, இவ்விதிகளே தீர்மானிக்கின்றன.

தேவையும் விழுமியமும்

தேவை என்பது ஒருவர் எதற்காக வருகிறார் என்பதைக் குறிக்கும். விழுமியம் என்பது எந்த முறைமை காக்கப்பட்டால் அவர் தொடர்ந்து இருப்பார் என்பதைக் குறிக்கும். பழைய அஞ்சல் அட்டை வாங்க வருபவரின் தேவை அஞ்சல் அட்டை. முன்பின் அறியாத விற்பனையாளர் ஏமாற்ற மாட்டார் என்னும் நேர்மை அவர் எதிர்பார்க்கும் விழுமியம். இரண்டில் ஒன்று மட்டும் நிறைவேறினால் போதாது.

மக்மிலன், சாவிசு ஆகிய உளவியலாளர்கள் 1986ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வுரையில் சமூக உணர்வுக்கு நான்கு கூறுகளைக் குறிப்பிட்டனர். உறுப்பினர் என்னும் உரிமை உணர்வு, குழுவின் மீது செல்வாக்குச் செலுத்த இயலுதல், தேவைகள் நிறைவேறுதல், பகிரப்பட்ட உணர்வுப் பிணைப்பு என்பன அவை. இணையம் பரவுவதற்கு முன்னரே எழுதப்பட்டதாயினும் இணையச் சமூகங்களுக்கும் இது பொருந்தி வருகிறது. நிறுவனங்கள் மூன்றாவது கூறை எளிதில் ஏற்கின்றன. இரண்டாவது கூறே, அதாவது வாடிக்கையாளருக்கு உண்மையான செல்வாக்கைக் கொடுப்பதே, அவற்றுக்குக் கடினமாக உள்ளது. கீழே தரப்படும் பூசல்களுட் பல அந்த ஒரு கூறைச் சுற்றியே எழுந்தவை.

வணிகக் கண்ணோட்டத்தில் இதனை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர்களுள் ஆர்தர் ஆம்சுட்ராங், ஜான் ஏகல் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். 1996ஆம் ஆண்டு ஆர்வர்டு பிசினசு ரிவியூ இதழில் வெளியான கட்டுரையில், கொடுக்கல் வாங்கல், ஆர்வம், கற்பனை, உறவு என மக்களின் நான்கு தேவைகளை அவர்கள் வகைப்படுத்தினர். அடுத்த ஆண்டில் இக்கருத்து நூலாக விரிந்தது. சமூகத்தை வருவாய்க்கான வழியாகவே இவர்கள் பெரிதும் கண்டனர் என்பது இவ்வகைப்பாட்டின் குறை எனலாம்.

முன்னோடி: தி வெல்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சுடூவர்ட் பிராண்டு, லாரி பிரில்லியண்ட் ஆகியோர் 1985ஆம் ஆண்டு தொடங்கிய தி வெல் என்னும் களம் இத்துறையின் முன்னோடியாகக் கருதப்படுகிறது. தொலைபேசி இணைப்பின் வழியே கணினியைத் தொடர்புகொண்டு, கட்டணம் செலுத்தி உரையாட வேண்டிய காலம் அது. இதன் தொடக்ககால நிருவாகிகளுட் சிலர் டென்னசியில் இருந்த தி ஃபார்ம் என்னும் கூட்டு வாழ்க்கைக் குடியிருப்பில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள். பலர் ஓரிடத்தில் கூடி வாழும்போது எழும் சச்சரவுகளை அவர்கள் நேரில் அறிந்திருந்தனர். இயந்திர அறிவைக் காட்டிலும் இந்தப் பட்டறிவே களத்திற்குப் பெரிதும் உதவியது.

ஒருவர் எழுதிய சொற்கள் அவருக்கே உரியவை, அவற்றுக்குப் பொறுப்பும் அவரே என்பது பிராண்டு வகுத்த அடிப்படை விதி. முகமூடிப் பெயர்களுக்குப் பின் எவரும் முழுதும் மறைந்துகொள்ள இயலாதவாறு உண்மைப் பெயரும் காணக்கிடைத்தது. 1999ஆம் ஆண்டு சலோன் என்னும் இணைய இதழ் நிறுவனத்திடம் சென்ற இக்களத்தை, 2012ஆம் ஆண்டு அதன் உறுப்பினர் சிலரே பணம் திரட்டி விலைக்கு வாங்கினர். வாடிக்கையாளரே உரிமையாளராகி ஒரு சமூகத்தைக் காத்துக்கொண்டதற்கு இது அரிய எடுத்துக்காட்டு.

ஈபே: முன்பின் அறியாதவரிடையே நம்பிக்கை

பியர் ஓமிதியார் 1995ஆம் ஆண்டு ஆக்சன்வெப் என்னும் பெயரில் தொடங்கிய ஏலத்தளமே பின்னர் ஈபே ஆனது. வாங்குபவர் முதலில் பணத்தை அனுப்புவார், விற்பவர் பிறகு பொருளை அனுப்புவார். இடையில் ஏமாற்றுக்கு நிறையவே இடம் இருந்தது. வந்த புகார்களை எல்லாம் தாமே தீர்க்க இயலாதென உணர்ந்த ஓமிதியார், 1996ஆம் ஆண்டு பெப்ரவரியில் பின்னூட்ட முறையை அறிமுகப்படுத்தினார். வணிகம் முடிந்தபின் இரு தரப்பினரும் ஒருவரையொருவர் நன்று, நடுநிலை, தீது என மதிப்பிட்டு ஓரிரு வரி எழுதலாம். மக்களுள் பெரும்பாலானோர் நேர்மையானவர்கள் என்னும் நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்டே இம்முறையை அமைத்ததாக அவர் உறுப்பினர்களுக்கு எழுதினார்.

நற்பெயருக்கு உண்மையிலேயே பண மதிப்பு உண்டா என்பதைப் பால் ரெசினிக்கும் பிறரும் ஓர் ஆய்வின் மூலம் கண்டறிந்தனர். நல்ல பின்னூட்டம் நிறைந்த பழைய விற்பனையாளர் ஒருவர், ஒரே வகையான பழைய அஞ்சல் அட்டைகளைத் தம் சொந்தப் பெயரிலும் புதிய பெயர்களிலும் விற்றார். பழைய பெயருக்கு வாங்குவோர் தரமுன்வந்த விலை 8.1 விழுக்காடு கூடுதலாக இருந்தது. இம்முடிவு 2006ஆம் ஆண்டு வெளியானது.

ஆனால் இம்முறைக்குள் ஒரு கோளாறும் இருந்தது. 1999ஆம் ஆண்டுத் தரவுகளை ஆராய்ந்தபோது வாங்குவோர் அளித்த பின்னூட்டங்களுள் நூற்றுக்கு 99 நல்லனவாக இருந்தன. அனைவரும் மனநிறைவு அடைந்தனர் என்று இதற்குப் பொருளன்று. தாம் தீது என்று எழுதினால் விற்பவரும் பழிக்குப் பழியாகத் தம்மைத் தீது என்று எழுதிவிடுவார் என அஞ்சிப் பலர் வாளாவிருந்தனர். நேர்மையை வளர்க்கக் கொண்டுவந்த கருவி, உண்மையைச் சொல்லத் தயங்கும் பழக்கத்தை வளர்த்தது. 2008ஆம் ஆண்டு மே மாதம் முதல் விற்பவர் வாங்குபவருக்குத் தீய பின்னூட்டம் இட இயலாதென ஈபே விதியை மாற்றியது. இது அறிவிக்கப்பட்டபோதே, அவ்வாண்டு பெப்ரவரியில், விற்பனையாளர் பலர் ஒரு வாரம் விற்பனையைப் புறக்கணித்தனர். அவர்களின் சினத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஈபேக்குக் கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர் விற்பவரே. எனவே 'வாடிக்கையாளரின் தேவை' என்று கூறும்போது எந்த வாடிக்கையாளர் என்னும் கேள்வி எப்போதும் உடன் வருகிறது.

பேசன்ட்சு லைக் மீ: திறந்த தன்மையும் அதன் விலையும்

தேவையும் விழுமியமும் மிகக் கூர்மையாக மோதிய களமாகப் பேசன்ட்சு லைக் மீ தளத்தைக் கூறலாம். 'என்னைப் போன்ற நோயாளர்கள்' என்பது இப்பெயரின் பொருள். அமெரிக்காவைச் சேர்ந்த சுடீவன் ஏவுட்டு என்பவருக்கு 1998ஆம் ஆண்டு, தம் 29ஆம் அகவையில், ஏ.எல்.எசு நோய் இருப்பது கண்டறியப்பட்டது. தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாகச் சிதையும் இந்நோயைக் குணப்படுத்தும் மருந்து இல்லை. அவருடைய உடன்பிறந்தோர் சேமி ஏவுட்டும் பென் ஏவுட்டும் நண்பர் செஃப் கோலும் 2004ஆம் ஆண்டு இந்நிறுவனத்தைத் தொடங்கினர். சுடீவன் 2006ஆம் ஆண்டு காலமானார்.

நோயாளர் கூடிப் பேசும் களங்கள் அதற்கு முன்னரும் இருந்தன. இத்தளத்தின் வேறுபாடு, பேச்சோடு அளவீட்டையும் சேர்த்ததில் இருந்தது. ஏ.எல்.எசு நோயாளரின் செயல்திறனை மருத்துவர்கள் 48 புள்ளிகள் கொண்ட ஓர் அளவுகோலால் மதிப்பிடுவர். எழுதுதல், நடத்தல், விழுங்குதல், மூச்சுவிடுதல் முதலியவை அதில் அடங்கும். அதே அளவுகோலைக் கொண்டு உறுப்பினரே தம்மை மதிப்பிட்டுப் பதிந்தனர். தளம் அதனை வரைபடமாகக் காட்டியது. புதிதாக நோய் கண்டறியப்பட்ட ஒருவர், தம்மை ஒத்த அகவையும் ஒத்த தொடக்க அறிகுறியும் உடையவருக்கு நோய் எவ்வாறு முன்னேறியது, சக்கர நாற்காலி எப்போது தேவைப்பட்டது, எந்த மருந்து என்ன செய்தது என்பதைப் பார்க்கலாம். எனக்கு அடுத்து என்ன நேரும் என்னும் கேள்விக்கு, மருத்துவரின் பொதுவான விடையைவிட இது நெருக்கமான விடையாக இருந்தது.

2008ஆம் ஆண்டு இத்தாலிய ஆய்வாளர்கள், இலித்தியம் இந்நோயின் வேகத்தைக் குறைப்பதாக அறிவித்தனர். அந்த ஆய்வில் இலித்தியம் பெற்றவர்கள் வெறும் 16 பேர். ஆயினும் காத்திருக்க நேரமில்லாத நோயாளர் பலர் தம் மருத்துவர் வழியே இலித்தியம் உட்கொள்ளத் தொடங்கித் தம் புள்ளிகளைத் தளத்தில் பதிந்தனர். தளத்தின் ஆய்வாளர்கள் இலித்தியம் உட்கொண்ட 149 பேரை, நோயின் போக்கில் அவர்களை ஒத்த, இலித்தியம் உட்கொள்ளாத 447 பேருடன் ஒப்பிட்டனர். 12 மாதங்களுக்குப் பின்னும் நோயின் வேகத்தில் வேறுபாடு தென்படவில்லை. 2011ஆம் ஆண்டு நேச்சர் பயோடெக்னாலசி இதழில் இது வெளியானது. முறையான மருத்துவச் சோதனைகளும் இதே முடிவையே தந்தன. மருந்து பயன்படவில்லை என்பது துயரமான செய்திதான். எனினும் பயனற்ற மருந்தின் பக்கவிளைவுகளிலிருந்து பிற்பாடு வந்தோர் தப்ப அது உதவியிருக்கும்.

இத்தளத்தில் உறுப்பினராவதற்குக் கட்டணம் இல்லை. உறுப்பினர் தரும் தரவுகளை, பெயர் முதலிய அடையாளங்களை நீக்கி, மருந்து நிறுவனங்களுக்கு விற்பதே வருவாய். இதனை நிறுவனம் மறைக்கவில்லை. தனியுரிமைக் கொள்கை வைப்பது வழக்கமாயிருக்க, இது 'திறந்த தன்மைக் கொள்கை' ஒன்றையும் முன்வைத்தது. தகவல் பகிரப்பட்டால்தான் மருத்துவம் விரைந்து முன்னேறும் என்பது அதன் சாரம். ஏ.எல்.எசு நோயாளரின் தேவைக்கும் விழுமியத்திற்கும் இது பொருந்தியது. அவர்களுக்கு இழக்க இருந்தது காலம் ஒன்றே.

ஆனால் தளம் வேறு நோய்களுக்கும் விரிந்தபோது இந்தப் பொருத்தம் தளர்ந்தது. 2010ஆம் ஆண்டு மே மாதம், மனநிலைக் கோளாறுகள் பற்றி உறுப்பினர் மட்டும் பேசும் பகுதியில், புதிதாகச் சேர்ந்த ஒரு கணக்கு எல்லா இடுகைகளையும் தன்னியக்கமாகப் படியெடுப்பது கண்டுபிடிக்கப்பட்டது. அது சந்தை ஆய்வு நிறுவனமான நீல்சனுடையது எனத் தெரியவந்தது. நிறுவனம் அதனைத் தடுத்து, உறுப்பினருக்கும் அறிவித்தது. அவ்வாண்டு அக்டோபரில் வால் சுட்ரீட் சேர்னல் இதழ் இதனை வெளியிட்டது. அவ்வாறு படியெடுப்பதை நிறுத்திவிட்டதாக நீல்சன் கூறியது. இதில் வியப்பிற்குரியது யாதெனில், தளமே தரவுகளை விற்பதை அந்நிகழ்வின்போதுதான் உறுப்பினர் பலர் மனத்தில் கொண்டனர் என்பதே. கொள்கை எழுதப்பட்டிருந்தது, இசைவும் பெறப்பட்டிருந்தது. ஆனால் மனச்சோர்வு பற்றி இரவில் எழுதும் ஒருவர், அக்கொள்கையை நினைவில் கொண்டு எழுதுவதில்லை.

2019ஆம் ஆண்டு இன்னொரு திருப்பம் நேர்ந்தது. இதில் பெரும்பங்கு முதலீடு செய்திருந்த சீன நிறுவனம், நாட்டுப் பாதுகாப்பைக் காரணம் காட்டிய அமெரிக்க அரசின் வற்புறுத்தலால் தன் பங்கை விற்க நேர்ந்தது. அவ்வாண்டே யுனைட்டட்எல்த் குழுமம் தளத்தை வாங்கியது. இக்குழுமம் அமெரிக்காவின் மிகப்பெரிய மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் தாய் நிறுவனம். நோயாளர் தம் நோய் விவரங்களைப் பகிர அஞ்சும் தரப்பினருள் காப்பீட்டு நிறுவனங்களே முதன்மையானவை என்பதை இங்கு நினைவிற்கொள்ளலாம். ஓர் உரிமையாளரை நம்பி அளித்த இசைவு அடுத்த உரிமையாளருக்கும் தானே சென்று சேர்கிறது. இதனைத் தடுக்கும் வடிவமைப்பு இன்னும் பரவலாகவில்லை.

பங்களிப்போரும் படிப்போரும்

இணையச் சமூகங்களில் நூற்றுக்கு 90 பேர் படிப்பதோடு நிற்பர், 9 பேர் எப்போதாவது எழுதுவர், ஒருவரே பெரும்பகுதியை எழுதுவார் என இடைமுக வல்லுநர் யாக்கோபு நீல்சன் 2006ஆம் ஆண்டு எழுதினார். (இவருக்கும் மேற்கூறிய நீல்சன் நிறுவனத்திற்கும் தொடர்பு இல்லை.) இது தோராயமான விதியே. ஆயினும் ஒரு சமூகத்தில் அடிக்கடி எழுதுவோரின் விருப்பத்தை எல்லாருடைய விருப்பமாகவும் கொள்ளலாகாது என்பதற்கு இது நல்ல எச்சரிக்கை.

படிப்பவரை எழுத வைப்பது எது? மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் மூவிலென்சு என்னும் திரைப்படப் பரிந்துரைத் தளத்தில் 2004ஆம் ஆண்டளவில் ஓர் ஆய்வு நிகழ்ந்தது. உங்களுடைய மதிப்பீடு பிறரால் தர இயலாத தனித்தன்மை உடையது என்று கூறியபோது உறுப்பினர் கூடுதலாக மதிப்பிட்டனர். இத்தனை படங்களை மதிப்பிடுக என்று தெளிவான இலக்குத் தந்தபோதும் பங்களிப்பு மிகுந்தது. ஆனால் இதனால் உங்களுக்கு என்ன நன்மை, பிறருக்கு என்ன நன்மை என்று விளக்கியது ஆய்வாளர் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. நன்மைகளை அடுக்கிக் காட்டும் விளம்பர மடல்களை எழுதுவோர் இதனைக் கருத்திற் கொள்வது நன்று. இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து ராபர்ட் கிரவுட்டும் பால் ரெசினிக்கும் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் இத்துறையின் அடிப்படை நூல்களுள் ஒன்று.

தன்னார்வ உழைப்பு

சமூகங்களைப் பேணும் மட்டுறுத்துநர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தன்னார்வலரே. அமெரிக்கா ஆன்லைன் நிறுவனம் 1990களில் ஆயிரக்கணக்கான 'சமூகத் தலைவர்களை' இவ்வாறு வைத்திருந்தது. இவர்களுக்குப் பணிநேரமும் பயிற்சியும் அறிக்கை எழுதும் கடமையும் இருந்தன. கைம்மாறாகக் கிடைத்தது இணைப்புக் கட்டணச் சலுகை. தாங்கள் நடைமுறையில் ஊழியர்களே எனக்கூறி அவர்களுட் சிலர் 1999ஆம் ஆண்டு வழக்குத் தொடர்ந்தனர். 1.5 கோடி டாலர் இழப்பீட்டுடன் 2010ஆம் ஆண்டளவில் வழக்கு முடிவுக்கு வந்தது.

ரெட்டிட் தளத்தில் 2023ஆம் ஆண்டு எழுந்த பூசலும் இதனை ஒட்டியதே. வெளியார் உருவாக்கிய செயலிகள் தளத்தின் தரவுகளைப் பெறுவதற்குப் பெருங்கட்டணம் விதிக்கப்பட்டது. மட்டுறுத்துநர் பலர் தம் பணிக்கு அச்செயலிகளையே நம்பியிருந்தனர். பார்வையற்ற பயனர்களுக்கும் அவையே ஏற்றனவாக இருந்தன. சூன் 12 முதல் ஆயிரக்கணக்கான உட்சமூகங்கள் கதவடைத்தன. பார்வையற்றோருக்கான சில செயலிகளுக்கு நிறுவனம் விலக்களித்தது. மற்றவற்றில் தன் நிலையை மாற்றவில்லை. அப்போலோ என்னும் பெயர்பெற்ற செயலி அம்மாத இறுதியில் நிறுத்தப்பட்டது.

ஊதியமின்றி உழைப்பவர் கைம்மாறு எதிர்பார்ப்பதில்லை என்று கருதுவது தவறு. பணம் பெறாதவர் அதற்கு ஈடாகக் கலந்தாலோசிக்கப்படும் உரிமையை எதிர்பார்க்கிறார்.

தோற்ற மாற்றம்

பின்னல் வேலை செய்வோருக்காக 2007ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ராவெல்ரி, தேவையை நுணுக்கமாக அறிந்த தளங்களுள் ஒன்று. ஒரு நூல்கண்டைத் தேர்ந்தெடுத்தால் அந்நூலைக் கொண்டு பிறர் பின்னிய ஆடைகள் அனைத்தையும் படத்துடன் காணலாம். கையில் மீந்திருக்கும் நூலுக்கு ஏற்ற வடிவத்தைத் தேடலாம். 2020ஆம் ஆண்டு சூனில் இதன் தோற்றம் மாற்றப்பட்டபோது, புதிய பக்கங்களைப் பார்த்தால் தலைவலியும் ஒற்றைத் தலைவலியும் வலிப்பும் ஏற்படுவதாகப் பயனர் சிலர் முறையிட்டனர். பழைய தோற்றம் சிறிது காலம் மாற்றுவழியாக வைக்கப்பட்டிருந்தது. எண்ணிக்கையில் சிறிய ஒரு பிரிவினரை வெளியே நிறுத்தும் மாற்றம், மற்றவருக்கு அழகாக இருப்பினும், அனைவரையும் வரவேற்கிறோம் என்னும் அறிவிப்போடு முரண்படுகிறது.

வாடிக்கையாளரின் குறும்பை அனுமதித்தல்

டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 1998ஆம் ஆண்டு வெளியிட்ட மைண்ட்சுடார்ம்சு என்னும் இயந்திரமனிதத் தொகுதியின் உள்ளமைப்பை, சில வாரங்களிலேயே ஆர்வலர்கள் பிரித்தறிந்து இணையத்தில் வெளியிட்டனர். வழக்குத் தொடர்வதா என எண்ணிய நிறுவனம், இறுதியில் அவ்வாறு மாற்றியமைக்கும் உரிமையை உரிம ஒப்பந்தத்திலேயே சேர்த்தது. 2006ஆம் ஆண்டு வெளிவந்த அடுத்த பதிப்பின் வடிவமைப்பில் அத்தகைய ஆர்வலர் சிலரையே சேர்த்துக்கொண்டது. சப்பானில் 2008ஆம் ஆண்டு சோதனையாகத் தொடங்கி, 2014ஆம் ஆண்டு லெகோ ஐடியாசு எனப் பெயர்பெற்ற திட்டத்தில், ஒருவரின் வடிவம் 10,000 பேரின் ஆதரவைப் பெற்றால் நிறுவனம் அதனை ஆய்வு செய்யும். விற்பனைக்கு வந்தால், நிகர விற்பனையில் 1 விழுக்காடு அவருக்கு உரியது. செல்வாக்கு என்னும் கூறு இங்கு எண்ணிக்கையாகவும் பணமாகவும் வரையறுக்கப்பட்டிருப்பதைக் காணலாம்.

மூடப்படுதல்

இணையச் சமூக வடிவமைப்பில் மிகக் குறைவாகப் பேசப்படுவது அதன் முடிவு. யாகூ நிறுவனம் 1999ஆம் ஆண்டு வாங்கிய சியோசிட்டீசு 2009ஆம் ஆண்டு அக்டோபரில் மூடப்பட்டது. ஆவணக் காப்பில் ஆர்வமுள்ள தன்னார்வலர்கள் இரவு பகலாகப் படியெடுத்து அதில் ஒரு பகுதியைக் காத்தனர்.

யாகூ குழுமங்களின் முடிவு தமிழருக்கும் நேரடித் தொடர்புடையது. ஒருங்குறி பரவலாகும் முன், 2000களின் தொடக்கத்தில், மரத்தடி, ராயர் காப்பி கிளப், அகத்தியர் முதலிய தமிழ்க் குழுமங்கள் அங்கேதான் இயங்கின. பின்னாளில் வலைப்பதிவர்களாகவும் எழுத்தாளர்களாகவும் அறியப்பட்டோர் பலர் முதலில் எழுதிப் பழகிய இடங்கள் அவை. 2019ஆம் ஆண்டு அக்டோபரில், குழுமங்களில் சேமிக்கப்பட்டவை அனைத்தும் அவ்வாண்டு திசம்பரில் நீக்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. இடையில் இருந்தது சுமார் இரண்டு மாதம். 2020ஆம் ஆண்டு திசம்பர் 15 அன்று சேவையே நிறுத்தப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த தரவுப் பாதுகாப்பு விதிமுறை, ஒருவர் தாம் அளித்த தரவுகளைத் திரும்பப் பெற்று வேறிடம் கொண்டுசெல்லும் உரிமையை வழங்குகிறது. ஆனால் அவ்வுரிமை தனி ஆளுக்கு உரியது. ஒருவர் கேட்ட கேள்வியை அவர் எடுத்துச் செல்லலாம். அதற்குப் பத்துப் பேர் எழுதிய மறுமொழிகள் அந்தப் பத்துப் பேருக்கும் தனித்தனியே உரியவை. உரையாடலை உரையாடலாகவே பெயர்த்துச் செல்லும் உரிமையைச் சமூகத்திற்கு அவ்விதி வழங்கவில்லை. தளத்தை அமைப்போர் முன்கூட்டியே அதற்கு வழி செய்திருந்தால் மட்டுமே அது இயலும்.